ஆன்லைன் ஷேர் கணக்கு திறப்பது: கோத்தகிரி, குன்னூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் பான் கார்டு, வருமான வரிக் கணக்கு மாதிரியான வேலைகள் செய்து கொடுக்கிறேன். கொஞ்ச காலமாக வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் கேட்பது ஷேர் கணக்கு பற்றித்தான். தேயிலைத் தோட்டக்காரர்கள், எஸ்டேட் ஸ்டாஃப், காலேஜ் பிள்ளைகள், ரிட்டயர் ஆனவர்கள் என்று எல்லோருக்கும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஷேர் வாங்கலாம் என்பதற்கு இதில் பதில் இல்லை. எந்த ப்ரோக்கரிடமும் எனக்குக் கமிஷன் கிடையாது, ரெஃபரல் லிங்க்கும் தருவதில்லை.

டீமேட், டிரேடிங்னு ரெண்டு சொல்றாங்களே, நான் எதைத் திறக்கணும்?

இரண்டும் சேர்ந்தேதான் திறக்கும். விண்ணப்பம் ஒன்றுதான். டிரேடிங் கணக்கு, வாங்க விற்க ஆர்டர் போடுவதற்கு. டீமேட் கணக்கு, வாங்கிய பங்குகள் உங்கள் பெயரில் இருப்பாக நிற்பதற்கு. இவை இரண்டோடும் உங்கள் பேங்க் கணக்கு இணைந்திருக்கும். பணம் அங்கிருந்து வந்து அங்கேயே திரும்பிப் போகும்.

குன்னூர் தேயிலை ஏலம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தூள் கிடங்கில் இருக்கும், புரோக்கர் ஏலத்தில் விற்றுக் கொடுப்பார், தூள் அவர் வீட்டுக்குப் போவதில்லை. ஷேரிலும் ப்ரோக்கர் உங்கள் ஆர்டரைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் மட்டும்தான். பங்கு கிடக்கும் கிடங்குக்கு டெபாசிட்டரி என்று பெயர். நாட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன: 1996-இல் வந்த என்எஸ்டிஎல், 1999-இல் வந்த சிடிஎஸ்எல். உங்கள் டீமேட் எண்ணில் 16 இடங்கள் இருக்கும். முழுக்க இலக்கமாக இருந்தால் சிடிஎஸ்எல், 'ஐஎன்' என்ற எழுத்துகளில் தொடங்கினால் என்எஸ்டிஎல். எது கிடைக்கும் என்பதை ப்ரோக்கர்தான் முடிவு செய்வார். நமக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

பான், ஆதார், ஆதாரில் பதிந்த செல்போன், பேங்க் பாஸ்புக் அல்லது செக், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து, நீங்களே திறந்து பார்க்கக்கூடிய ஒரு மெயில் ஐடி. அவ்வளவுதான். பட்டா, ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று எதுவும் வேண்டாம். கூடலூர் பக்கம் ஜென்ம நிலத்தில் இருப்பவர்களும், எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்களும் முகவரிக்கு என்ன செய்வது என்று கவலைப்படுகிறார்கள். ஆதாரில் உள்ள முகவரியே போதும்.

மெயில் ஐடி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் அந்த நேரத்துக்கு ஒரு ஐடி உருவாக்கி, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு அன்றைக்கே தொலைந்துவிடும். அப்புறம் மாத ஸ்டேட்மென்ட், எச்சரிக்கை, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்ச் சேரும். உங்கள் போனில் ஏற்கெனவே திறந்திருக்கிற மெயிலையே கொடுங்கள்.

பச்சைத் தேயிலை வருமானத்துக்கு வரியே கிடையாது. எனக்கு எதுக்குங்க பான் கார்டு?

சொந்தத் தோட்டத்துப் பச்சை இலையை ஃபாக்டரிக்கு விற்று வருவது விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை என்பது சரிதான். ஆனால் டீமேட் திறக்க பான் கட்டாயம். வரி கட்டுகிறவரா இல்லையா என்று அங்கே பார்ப்பதில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று குறியுங்கள். ஆண்டு வருமானம் எந்த அளவுக்குள் வருகிறதோ அதை உள்ளபடி தேர்ந்தெடுங்கள். கூச்சப்பட்டு ஏற்றியோ பயந்து குறைத்தோ போட வேண்டாம்.

ஷேரில் வரும் லாபம் விவசாய வருமானத்தில் சேராது, அதற்குத் தனி விதி. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் ரூபாய் லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம்தான். தோட்ட வருமானமும் ஷேர் லாபமும் சேர்ந்து வரும் வருடத்தில் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பான்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பாஸ்புக்ல இன்னொண்ணு. எல்லாம் நான்தான். ஆகுமா ஆகாதா?

எங்களிடம் வரும் விண்ணப்பங்கள் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான். குற்றம் யாருடையதும் இல்லை, நம் இனிஷியலுடையது. பான் படிவத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே ஜே. போஜன் என்கிறவர் பானில் 'போஜன் ஜோகி' ஆகிவிடுவார். ஆதாரில் 'போஜன் ஜே' என்று இருக்கும். பாஸ்புக்கில் கவுன்டரில் இருந்தவர் 'ஜே போகன்' என்று ஓர் எழுத்தை மாற்றி அடித்திருப்பார். மூன்றையும் பார்த்தால் நமக்கு ஒரே ஆள் என்று தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது இது. ப்ரோக்கர் படிவத்தில் பானில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். பானும் ஆதாரும் ஏற்கெனவே இணைந்திருந்தால், இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பேங்க் பெயர் ஒத்துப்போகாவிட்டால், பெயர் அச்சான செக் அல்லது பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றச் சொல்வார்கள். அதில் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பேனாவில் எழுதிய பாஸ்புக் செல்லாது. 'போஜன்' 'போகன்' ஆன மாதிரி எழுத்தே மாறியிருந்தால் மட்டும் சம்பந்தப்பட்ட இடத்தில் திருத்திக்கொண்டு வருவதுதான் வழி. எதைத் திருத்துவதாக இருந்தாலும் ஆதாரில் தொடங்குங்கள், மற்ற எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. இதுவரை பானே இல்லாதவர்களுக்கு வருமான வரித் துறையின் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகவே இ-பான் கிடைக்கும்.

கல்யாணமான பெண்கள் கேட்பது: பானில் அப்பா பெயர், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், என்ன செய்ய? பானை உடனே மாற்றியாக வேண்டும் என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். பானில் அப்பா பெயர் இருப்பது முறைதான். ஆதார் பெயரைப் பானோடு ஒத்துப்போகும்படி செய்துகொண்டால் இரண்டு இடத்தில் அலைவது மிச்சம்.

ஆதார்ல இருக்கற நம்பர் என்கிட்ட இப்ப இல்லையே?

அப்படியானால் இன்று கணக்கு திறக்க முடியாது. கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக வருவதே ஆதார் ஓடிபிதான். ஆதார் மையம் உள்ள தபால் நிலையம், பேங்க் அல்லது தாலுகா அலுவலகத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள், கட்டணம் 75 ரூபாய். டவுனுக்கு வர முடியாத வயதானவர்கள் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றும் வசதி அவர்களிடமும் இருக்கிறது.

எங்க ஹட்டியில டவரே கிடைக்காது. பாதியில நின்னா மறுபடி முதல்லேர்ந்தா?

இல்லை. பெரும்பாலான ஆப்களில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதே செல்போன் எண்ணில் நுழைந்தால் போதும். ஆனால் ஓடிபி சில நிமிடங்களில் காலாவதி ஆகிவிடும். ஒன்று வரவில்லை என்று அடுத்தடுத்து நாலைந்து முறை தட்டினால் சிஸ்டம் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். ஆடி மாதக் காற்றில் கரண்டும் டவரும் சேர்ந்து போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

செல்ஃபி எடுக்கும் இடத்தில் லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் இந்தியாவுக்குள் இருக்கிறீர்களா என்று பார்ப்பதற்குத்தான் அது. கூடலூர், பந்தலூர் பக்கம் போனில் கேரளா டவர் காட்டுகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அதனால் ஒன்றும் இல்லை. நடப்பில் அதிகம் தடுப்பது வெளிச்சம்தான். ஸ்வெட்டர் குல்லாவைப் போட்டுக்கொண்டு, மஞ்சு மூடிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத் தெரியும், மூன்று முறை திருப்பி அனுப்பும். குல்லாவைக் கழற்றி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். முதல் முறையே எடுத்துக்கொள்ளும்.

சொசைட்டி கணக்கு போதுமா, வேற பேங்க் வேணுமா?

ஐஎஃப்எஸ்சி எண்ணும், யுபிஐ அல்லது நெட் பேங்கிங்கும் உள்ள கணக்கு வேண்டும். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துச் சேமிப்புக் கணக்கில் இவை இல்லையென்றால் அதை இணைக்க முடியாது. தேயிலைப் பணம் ஏறுகிற பேங்க் கணக்கையே இணைக்கலாம். நான் சொல்வது, முடிந்தால் அதைத் தவிருங்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கில் ஷேருக்கென்று ஒதுக்கிய தொகையை மட்டும் வைத்து, அதை இணையுங்கள். உரம், கூலி, பிள்ளைகள் ஃபீஸ் பணம் ஆப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் இருப்பது நல்லது.

எந்த ப்ரோக்கர் கம்பெனி நல்லது? நூறு விளம்பரம் வருது.

பெயர் சொல்ல மாட்டேன், பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்புக்குப் பெயர் செபி. ப்ரோக்கர் அங்கே பதிவு பெற்றவரா என்பது முதல் விஷயம். பங்குத் தரகரின் பதிவு எண் 'ஐஎன்இசட்' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல் செபி தளத்தில் போட்டுப் பாருங்கள். 'ஐஎன்ஏ' என்று தொடங்கினால் அவர் முதலீட்டு ஆலோசகர், 'ஐஎன்ஹெச்' என்றால் ஆய்வாளர். இவர்கள் யோசனை சொல்லலாம், உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது, ஆப் தமிழில் இருக்கிறதா, போன் செய்தால் தமிழில் பேச ஆள் உண்டா, புகார் மெயில் முகவரி தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா. கோயம்புத்தூரில் ஆபீஸ் இருப்பதைப் பெரிய விஷயமாகச் சிலர் நினைக்கிறார்கள். மலை இறங்கிப் போய்ப் பேச வேண்டியிருக்கும் நாள் அபூர்வம்தான், இருந்தாலும் அது ஒரு தைரியம் என்றால் அப்படியே தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் ஃப்ரீனு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு காசு பிடிக்கறாங்க?

ஃப்ரீ என்பது கணக்கு திறப்பதும், சில இடங்களில் டெலிவரிக்கான (பங்கை வாங்கி டீமேட்டில் வைப்பதற்கான) ப்ரோக்கரேஜும் மட்டும். அரசுக்கும் சந்தைக்கும் போவதை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் பங்குப் பரிவர்த்தனை வரி 10 ரூபாய், முத்திரைத் தீர்வை 1.50 ரூபாய், சந்தைக் கட்டணம் சில்லறைக் காசு. விற்கும்போது மறுபடி பரிவர்த்தனை வரி 10 ரூபாய் சொச்சம். அதோடு டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கு ஒரு கட்டணம் உண்டு, பெரும்பாலும் 15 ரூபாய்க்கு அக்கம்பக்கம். இது பங்கின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 500 ரூபாய்ப் பங்கை விற்றாலும் அதே தொகைதான். சின்னச் சின்னதாக விற்கிறவர்களுக்கு வலிப்பது இதுதான்.

வருடாந்திரக் கட்டணம் வேறு. டீமேட்டில் உள்ள இருப்பின் மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால் அடிப்படைச் சேவைக் கணக்கு என்ற வகையில் கட்டணம் இல்லை. 4 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. ஆனால் நாட்டில் எங்கேயும் உங்கள் பெயர் முதலில் வரும் டீமேட் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆஃபருக்கு ஆசைப்பட்டு நாலு ஆப்பில் கணக்கு திறந்தவர்களுக்கு இந்தச் சலுகை போய்விடும்.

எஃப் அண்ட் ஓ-ன்னு ஒரு டிக் இருக்கே, அதையும் போட்டுடலாமா?

வேண்டாம். ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது, பங்கின் விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தம். அதற்குத்தான் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி வருமானச் சான்றும் கேட்பார்கள். பங்கு வாங்கி வைக்க அது தேவையே இல்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நம்ம பையன் அந்த மீதி ஏழில் ஒருத்தன் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைக்கிறார்கள்.

நாமினி போடாம விட்டா என்ன?

'நாமினி வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தும் திறக்கலாம், சட்டப்படி தடை இல்லை. ஆனால் அப்படி விட்டுப் போனவர்களின் குடும்பம் வாரிசுச் சான்றுக்கும் கோர்ட்டுக்கும் அலைவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். போட்டுவிடுங்கள். இப்போது பத்துப் பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாமினி ஆகிவிட்டால் அந்தச் சொத்து முழுக்க அவருக்கே என்று ஆகாது. நாமினேஷன் வாரிசுரிமையை மீறாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி பங்குகளைப் பெற்று, உரிய வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர். மூத்த மகன் பெயரை மட்டும் போட்டுவிட்டு மகள்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பவர்கள், உயிலும் எழுதி வைப்பது வீட்டுக்கு நல்லது.

கணக்கு வீட்டுக்காரி பேர்ல, நம்பர் என்னுது, பணம் போடறதும் நான்தான். பரவாயில்லையா?

நம்பர் விஷயம் பரவாயில்லை. கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள் என்றால் 'இது குடும்பத்தார் எண்' என்று அறிவித்துவிட்டு ஒரே எண்ணைக் கொடுக்கலாம். பணம் அப்படி இல்லை. யார் பெயரில் ஷேர் கணக்கோ, அவர் பெயரில் உள்ள பேங்க் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் யுபிஐயிலிருந்து அனுப்பினால் திரும்பி வந்துவிடும். மனைவிக்கு நீங்கள் கொடுத்த பணத்தில் வரும் லாபம் வரிக் கணக்கில் உங்களோடுதான் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. கணக்கு அம்மா பெயரில், மனைவி பெயரில் இருக்கும். அவர்களுக்குப் பாஸ்வேர்டும் தெரியாது, எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது. மாதம் ஒருமுறை ஆப்பைத் திறந்து அவர்களிடம் காட்டுங்கள். டெபாசிட்டரியிலிருந்து மெயிலுக்கு வரும் தொகுப்பு ஸ்டேட்மென்ட்டைத் திறக்கவும் சொல்லிக் கொடுங்கள். பாஸ்வேர்டு, கணக்கு யார் பெயரிலோ அவருடைய பான் எண்தான்.

இன்னைக்கு வித்தா பணம் எப்ப கைக்கு வரும்?

அடுத்த வேலை நாளில் கணக்கு தீரும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் இந்த முறைதான். திங்கள் விற்றால் செவ்வாய் ப்ரோக்கர் கணக்கில் பணம். நீங்கள் வித்ட்ரா கொடுத்த பிறகுதான் பேங்குக்கு வரும், உடனே தானாக வராது. நடைமுறையில் புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்றைக்கே வேண்டும் என்றால் ஷேர் உதவாது.

விற்கும்போது சிடிஎஸ்எல் கணக்காக இருந்தால் டிபின் என்ற ஆறு இலக்க எண்ணும், செல்போனுக்கு ஓடிபியும் கேட்கும். பங்கு உங்கள் சம்மதத்தில்தான் வெளியே போகிறது என்பதற்கான பூட்டு அது. ஒவ்வொரு முறையும் இது தொந்தரவு என்பவர்கள், விற்ற பங்கை ப்ரோக்கரே எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டிடிபிஐ என்ற ஒப்புதலைக் கொடுத்துவிடலாம். அடிக்கடி விற்காதவர்களுக்கு அது தேவையில்லை. டிபினை வெள்ளைத்தாளில் எழுதி போன் கவருக்குள் செருகி வைப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

நான் கேக்காமலே பணத்தை பேங்குக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. கணக்கை மூடிட்டாங்களா?

இல்லை. ப்ரோக்கரிடம் சும்மா கிடக்கும் பணத்தை, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, நீங்கள் தேர்ந்தெடுத்தபடி, பேங்குக்குத் திருப்பியாக வேண்டும் என்பது செபி விதி. வெள்ளிக்கிழமை வாக்கில் நடக்கும். கணக்கு அப்படியே இருக்கும்.

ஐபிஓ போட்டேன், பணம் கட் ஆகல. விண்ணப்பம் போச்சா?

ஐபிஓ என்றால் ஒரு கம்பெனி முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. அதற்கு விண்ணப்பித்ததும் பணம் கட் ஆகாது, பேங்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கினால்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் முடக்கம் நீங்கும். ஆனால் யுபிஐயில் வரும் கோரிக்கைக்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கடைசி நாள் மாலை 5 மணி வரைதான் அதற்கு நேரம். டவர் விஷயத்தை மேலேயே சொன்னேன். மலையில் இருப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே போட்டுவிடுங்கள். முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் குலுக்கலில் வாய்ப்பு ஒன்றே. வேறொருவர் யுபிஐயிலிருந்து போட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

வாட்ஸப் குரூப்ல தினமும் லாபம் காட்டறாங்க. அவங்க ஆப்ல கணக்கு திறக்கலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த ஆப் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் இருக்காது, லிங்க் வழியாக இறக்கச் சொல்வார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரும் லோகோவும் அப்படியே இருக்கும். 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுன்ட்', 'பிளாக் டிரேட்', 'ஐபிஓவில் நிச்சய ஒதுக்கீடு' என்பார்கள். முதலில் 5,000 போட்டால் 8,000 ஆகத் திரையில் தெரியும், அதில் கொஞ்சம் எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை வந்து லட்சத்தில் போட்ட பிறகு, எடுக்க வேண்டும் என்றால் 'முதலில் வரி கட்டு' என்பார்கள். ஷேர் லாபத்துக்கான வரியை யாரும் இப்படிக் கேட்டு வாங்குவதில்லை, அது வருமான வரித் துறைக்கு நீங்கள் நேரடியாகக் கட்டுவது.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். தனிநபர் பெயரிலோ, ஏதோ டிரேடர்ஸ், என்டர்பிரைசஸ் பெயரிலோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2025 அக்டோபர் முதல் செபி பதிவு பெற்ற ப்ரோக்கர்களுக்கென்று தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. அதில் 'அட்' குறிக்கு முன் 'பிஆர்கே' என்றும் பின்னால் 'வேலிட்' என்றும் வரும். பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் அடையாளம் தெரியும். செபி செக் என்ற வசதியில் அந்த முகவரியைப் போட்டும் சரிபார்க்கலாம். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930-க்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

ப்ரோக்கர் கம்பெனி நாளைக்கு மூடிட்டா என் ஷேர் என்னாகும்?

முதல் பதிலில் சொன்ன கிடங்குக் கதைதான். பங்கு டெபாசிட்டரியில் உங்கள் பெயரில் இருக்கிறது, வேறு ப்ரோக்கரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முழுக்க நிம்மதியாக இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2019 நவம்பரில் கார்வி என்ற ப்ரோக்கர் நிறுவனத்தின் விவகாரம் வெளிவந்தது. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி அவர்களுடைய பங்குகளை அந்த நிறுவனம் அடமானம் வைத்திருந்தது என்று செபி உத்தரவு போட்டது. பெரும்பாலோரின் பங்குகளை அவரவர் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2020 செப்டம்பர் முதல் அடமானத்துக்கும் உங்கள் ஓடிபி வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக வந்ததுதான் மேலே சொன்ன டிடிபிஐ.

ப்ரோக்கர் ஆப்பில் தெரிவதோடு நிற்காமல், சிடிஎஸ்எல் கணக்கு என்றால் ஈஸி, என்எஸ்டிஎல் என்றால் ஐடியாஸ் என்ற சேவையில் நீங்களே பதிந்து நேரடியாகப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நான் கவர்மென்ட் வேலை. திறக்கலாமா?

திறக்கலாம், முதலீடாக வாங்கி வைக்கலாம். அடிக்கடி வாங்கி விற்பதை ஊக வணிகமாகப் பார்ப்பார்கள், அது நடத்தை விதிகளுக்கு விரோதம். அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி, தபால் துறை மாதிரி இடங்களில் உள்ள மத்திய அரசு ஊழியர்கள், ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தப் பரிவர்த்தனை ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியது, விற்றது இரண்டும் இதில் சேரும் என்பதால் நினைப்பதைவிடச் சீக்கிரம் தாண்டிவிடும்.

அப்பா எஸ்டேட்ல ரிட்டயர் ஆயிட்டார். கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் வந்திருக்கு, மொத்தத்தையும் போட்டுடலாமா?

பணம் அப்பாவுடையது, கேட்பது பெரும்பாலும் மகன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேறு வீடு பார்க்க வேண்டியவருக்கு முதல் செலவு அதுதான். 60 வயது ஆனவருக்குத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். அதெல்லாம் முடிந்து, ஐந்து வருடம் தொடாமல் இருக்க முடியும் என்கிற பணம் மீதி இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். அதுவும் அவர் பெயரிலேயே திறந்து, போன் அவர் கையிலேயே இருந்தால் மட்டும்.

எனக்கு ஷேர் வேண்டாம், மாசம் ஆயிரம் ரூபா சிப் போதும். அதுக்கும் டீமேட்டா?

வேண்டாம். சிப் என்பது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. மியூச்சுவல் ஃபண்டுக்கு டீமேட் கட்டாயம் இல்லை. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பை மட்டும் முடித்து, ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாகப் போடலாம். 'டைரக்ட்' திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இடைத்தரகர் கமிஷன் இருக்காது.

புகார் கொடுக்கணும்னா எங்க போறது? ஊட்டியில ஆபீஸ் இருக்கா?

எங்கும் போக வேண்டாம். முதலில் ப்ரோக்கரின் புகார் மெயிலுக்கு எழுதுங்கள், போனில் மட்டும் பேசி விடாதீர்கள். சரியாகாவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். 21 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் சமரச முறை இருக்கிறது. சந்தேகம் கேட்க செபியின் இலவச எண் 1800 22 7575.

தாத்தா பெட்டியில பழைய ஷேர் பத்திரம் கிடைச்சுது. புதுக் கணக்குல ஏத்திக்கலாமா?

ஏற்றலாம், ஆனால் ஆன்லைனில் படம் எடுத்து அனுப்பும் வேலை இல்லை. காகிதப் பத்திரங்களை 2019 ஏப்ரலிலிருந்து அப்படியே பெயர் மாற்ற முடியாது, டீமேட் வழியாகத்தான். முதலில் பத்திரத்தில் உள்ள கம்பெனி இன்றைக்கு என்ன பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பல கம்பெனிகள் இணைந்திருக்கும், சில மூடியே போயிருக்கும். இருந்தால், அந்தக் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஐஎஸ்ஆர் படிவங்களோடு இறப்புச் சான்று, வாரிசு ஆவணங்கள் அனுப்ப வேண்டும். இனிஷியல் கதை இங்கே இன்னும் மோசம். பத்திரத்தில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் இன்னொரு மாதிரி இருக்கும், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள்.

ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபப் பங்கு) வாங்காமல் விட்டிருந்தால் பங்கே ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும். அங்கேயிருந்தும் திரும்ப வாங்கலாம், ஐஇபிஎஃப்-5 படிவம் போட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். பாதிப் பணம் தா, முடித்துக் கொடுக்கிறேன் என்று வருகிறவர்களிடம் ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.